கார்ன்ஃப்ளவரை வாந்தி எடுத்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்

கேள்வி: என் 5 வயது மகளுக்கு (16 கிலோ) கிளைகோஜன் சேமிப்பு நோய், வகை 1ஏ. 4 மணி நேரத்துக்கு ஒருமுறை பச்சைக் கார்ன்ஃப்ளவர் கரைத்துக் கொடுக்கிறோம். போன வாரம் இரவில் குடித்ததை வாந்தி எடுத்தாள், விடிந்துதான் டாக்டரிடம் போனோம். வயிறு பெருத்திருக்கிறது, மூக்கில் ரத்தம் வருகிறது. கல்லீரல் புற்றுநோய் வரும் என்கிறது யூடியூப். கீழாநெல்லி கொடுக்கலாமா? இரவில் கண்ணை மூடவே பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், திருவொற்றியூர்

பதில்: அம்மா, நீங்கள் எழுதியதில் பயப்பட வேண்டியது அந்த வாந்தி ஒன்றுதான். இவளுடைய கல்லீரல் சேர்த்து வைத்த சர்க்கரையை ரத்தத்துக்குள் விடாது. வயிற்றில் மாவு இருக்கும்வரைதான் சர்க்கரை நிற்கும். வாந்தி எடுத்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் குளுக்கோஸ் பவுடரைக் கரைத்துக் கொடுத்து, பிறகு மாவு கொடுங்கள். அதுவும் தங்காவிட்டால் நள்ளிரவானாலும் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழிவிடாது என்பது உங்களுக்கே தெரியும், "இன்னும் ஒரு தடவை பார்ப்போம்" என்று உட்கார்ந்திருக்காதீர்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

'10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் டிரிப்) ஏற்ற வேண்டும், ரிங்கர் லாக்டேட் டிரிப் கூடாது, சர்க்கரையை ஏற்றப் போடும் குளுக்ககான் ஊசி பயன்படாது' என்று உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிய சீட்டு எப்போதும் பையில் இருக்கட்டும். டியூட்டி டாக்டர் இந்த நோயைப் பார்த்தே இருக்காமல் இருக்கலாம். குழந்தை தெளிவாகத்தானே இருக்கிறாள் என்று மீட்டரை ஒதுக்கவும் வேண்டாம். இந்த நோயில் ரத்தத்தில் சேரும் லாக்டேட் என்ற பொருள் மூளைக்குத் தீனி போடுவதால், சர்க்கரை இறங்கியும் சிரித்து விளையாடும் பிள்ளைகள் உண்டு.

ஒரு வேளை மாவின் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் கணக்கில் சுமார் 26 கிராம். உங்கள் டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் சரி. ஸ்பூன் கணக்கு ஏமாற்றும், டிஜிட்டல் தராசில் நிறுத்துப் போடுங்கள். பச்சைத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். வெந்நீர் ஊற்றினால் மாவு வெந்து, சர்க்கரை சட்டென ஏறி சட்டென இறங்கிவிடும். டம்ளர் அடியில் படிந்ததையும் தண்ணீர் விட்டு அலசிக் குடிக்க வையுங்கள். மக்காச்சோளத்தை அரைத்த மஞ்சள் மாவு இதற்கு உதவாது. இரண்டு போனில் அலாரம் வையுங்கள், ஒருநாள் நீங்கள், மறுநாள் உங்கள் கணவர் எழுந்திருக்கட்டும். அளவு சரியாக உள்ளே போயிருந்தால் அடுத்த அலாரம்வரை தாராளமாகத் தூங்கலாம்.

வயிறு இந்த நோயில் அப்படித்தான் இருக்கும். கல்லீரல் கட்டிகள் பெரும்பாலும் பருவ வயதுக்குப் பிறகு வருபவை, அவையும் எல்லாம் புற்றுநோய் அல்ல. வருடாந்திர ஸ்கேனைத் தவறவிடாதீர்கள், யூடியூபை மூடிவையுங்கள். கீழாநெல்லி வேண்டவே வேண்டாம். மூக்கில் ரத்தம் வந்தால் தலையைச் சற்று முன்னே குனிய வைத்து, 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். காய்ச்சலுக்கு இபுபுரூஃபென், ஆஸ்பிரின் கூடாது, பாராசிட்டமால் போதும். அதிலும் சர்க்கரை, சார்பிட்டால் சேராத மருந்தாகக் கேட்டு வாங்குங்கள்.