பில் அச்சாகும் முன் எது வட்டில் இருக்க வேண்டும்?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறோம். தம்பி எழுதிய பில்லிங் மென்பொருள் லினக்ஸில், எஸ்க்யூலைட் தரவுத்தளத்துடன் ஓடுகிறது. மாலைக் கூட்டத்தில் ஒவ்வொரு சரக்கைச் சேர்க்கும்போதும் திரை நின்று நின்று வருகிறது. தரவு வட்டில் பதியும்வரை காத்திருக்கச் செய்யும் சிங்க்ரனஸ் அமைப்பை ‘ஆஃப்’ செய்ததும் வேகம் வந்தது. ஆனால் ஒருநாள் மின்சாரம் போய் வந்த பிறகு கடைசிப் பில்கள் சிலவற்றைக் காணோம். வேகம், பாதுகாப்பு இரண்டில் எதை விட்டுக்கொடுப்பது?

பதில்: முதலில் அந்த ‘ஆஃப்’ அமைப்பை நீக்கிவிடுங்கள். அதில் சில பில்கள் தொலைவதோடு முடியாது. மின்சாரம் தவறான நேரத்தில் போனால் தரவுத்தளமே சிதைந்து, திறக்க முடியாமல் போகலாம்.

ஒரு நிரல் கோப்பில் எழுதும்போது லினக்ஸ் அந்தத் தரவை முதலில் நினைவகத்தில்தான் வைத்துக்கொள்கிறது. இயல்பான அமைப்பில் அது 30 விநாடி வரைகூட அங்கேயே கிடந்துவிட்டுப் பிறகு வட்டுக்குப் போகலாம். ‘வட்டில் பதிந்த பிறகே பதில் சொல்’ என்று வற்புறுத்துவது எஃப்சிங்க் என்னும் அழைப்பு. 7200 ஆர்பிஎம் வன்தட்டு ஒருமுறை சுழலவே சுமார் 8.3 மில்லிவிநாடி ஆகும் என்பதால், ஒன்றன்பின் ஒன்றாக வரும் இத்தகைய அழைப்புகள் சேரச் சேரத் தாமதம் கண்ணுக்குத் தெரிகிறது. பரிவர்த்தனையை (முழுதாகப் பதியும், இல்லையேல் எதுவுமே பதியாத ஒரு தொகுப்பு) நிரலே தொடங்காவிட்டால், எஸ்க்யூலைட் ஒவ்வொரு சரக்கு வரியையும் ஒரு முழுப் பரிவர்த்தனையாகவே கமிட் செய்கிறது, அதாவது உறுதியாகப் பதிக்கிறது. மாற்றும் முன் பழைய தரவைத் தனிக் கோப்பில் எடுத்துவைக்கும் பழைய ரோல்பேக் முறையில் ஒரே கமிட்டுக்குப் பல எஃப்சிங்க் ஆகின்றன. நாற்பது சரக்கு உள்ள பில்லில் திரை நிற்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வாடிக்கையாளருக்கு நீங்கள் வாக்குக் கொடுப்பது பில்லை நீட்டும்போதுதான். எனவே சரக்கு வரிகளை நினைவகத்திலேயே சேர்த்து, பில் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே பரிவர்த்தனையில் எழுதி, கமிட் வெற்றி என்று பதில் வந்த பிறகே அச்சுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பாதியில் மின்சாரம் போனால் அந்த ஒரு பில் போகும். ஆள் எதிரிலேயே நிற்பதால் மறுபடி தட்டிக்கொள்ளலாம். கூடவே மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதிவைக்கும் ‘வால்’ (WAL) முறைக்கு மாறி, சிங்க்ரனஸை ‘ஃபுல்’ என்று வையுங்கள். அப்போது ஒரு கமிட்டுக்குப் பெரும்பாலும் ஒரே எஃப்சிங்க் போதும். ‘வால்’ முறை கோப்பிலேயே நிலைத்துவிடும். சிங்க்ரனஸ் நிலைக்காது, இணைப்பைத் திறக்கும்போதெல்லாம் சொல்ல வேண்டும். ‘நார்மல்’ என்று வைத்தால் தரவுத்தளம் சிதையாது, ஆனால் மின்வெட்டில் கடைசிப் பில்கள் போகலாம். பணம் வாங்கிய கணக்குக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையின் ஜர்னல் (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு) காப்பாற்றிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இயல்பான ‘ஆர்டர்ட்’ நிலையில் அது கோப்பு முறைமையின் அமைப்பைத்தான் காக்கிறது, உங்கள் கடைசிப் பில்லை அல்ல. தரவு வட்டில் சரியான வரிசையில் பதிவதை உறுதிசெய்யும் ‘பேரியர்’ அமைப்பை வேகத்துக்காக அணைக்கச் சொல்லும் யோசனையையும் கேட்காதீர்கள்.

எஸ்எஸ்டி வாங்குவதானால் மின்தடையைத் தாங்கும் மின்தேக்கி உள்ளதைப் பாருங்கள். அதில் எஃப்சிங்க் விரைவாகவும் முடியும், நம்பவும் முடியும். யூபிஎஸ் அவசியம், ஆனால் கணினியே உறைந்துபோனால் அது உதவாது.

வட்டே பழுதானால் இவை எதுவும் பயன்படா என்பதால் இரவில் நகல் எடுங்கள். மென்பொருள் ஓடும்போது தரவுத்தளக் கோப்பை மட்டும் பென்டிரைவில் இழுத்துப் போட்டால், ‘வால்’ கோப்பில் இருக்கும் அன்றைய பில்கள் விடுபடலாம். எஸ்க்யூலைட்டின் பேக்கப் கட்டளையையே பயன்படுத்துங்கள்.