90 சதவீதத்திலேயே நிற்கும் வேலை

கேள்வி: உதவித்தொகை, நலவாரியம் என்று எதைப் பற்றிக் கேட்டாலும் “புது சாஃப்ட்வேர் வருகிறது, பொறுங்கள்” என்கிறார்கள். வருஷம்தான் போகிறது. இழுத்தடிக்கும் கம்பெனியைக் கறுப்புப் பட்டியலில் போட்டு, உயர்மட்டக் கண்காணிப்புக் குழு ஒன்றை அமைத்தால் சரியாகிவிடாதா?
– ஒரு வாசகர், நாகலூர், ஏற்காடு

பதில்: ஆகாது. குழுவுக்கா பஞ்சம்? இப்படிப்பட்ட திட்டங்களின் கோப்பைப் புரட்டினால், பெரிய அதிகாரி ஒருவர் தலைமையில் குழு ஏற்கெனவே இருக்கும். கூடுவார்கள், டீ வரும், பவர்பாயிண்ட் ஓடும், “90 சதவீதம் முடிந்தது” என்று பதிவாகும். அடுத்த கூட்டத்திலும் 90தான். ஏனென்றால் அவர்கள் எண்ணுவது கணினித் திரைகளை. விண்ணப்பத் திரை, ஒப்புதல் திரை, அறிக்கைத் திரை எல்லாம் சீக்கிரம் தயாராகிவிடும்.

உண்மையான வேலை மிச்சமுள்ள 10 சதவீதத்தில் இருக்கிறது. தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் கணவர் பெயர் இருக்கும், ஆதாரில் தகப்பனார் பெயர். பிறந்த தேதி தெரியாதவர்கள் பலருக்கு ஆதாரில் ஜனவரி 1 விழுந்திருக்கும். முதியோர் உதவித்தொகைக்கு வயதுதானே எல்லாம்! பணம் அனுப்புவதில் இன்னொரு சிக்கல். ஆதார் வழியாகப் போகும் தொகை, கடைசியாக ஆதார் இணைத்த கணக்கில்தான் விழும். மகளிர் சுயஉதவிக் குழுக் கடனுக்காக வேறு வங்கியில் புதுக் கணக்கு தொடங்கிய அம்மாள், பழைய பாஸ்புக்கைப் புரட்டி “வரவே இல்லை” என்பார். கம்ப்யூட்டர் “அனுப்பியாச்சு” என்று காட்டும். இரண்டுமே நிஜம். இதையெல்லாம் ஆள்வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். அதற்கான ஆளையும் நாளையும் டெண்டரில் யாரும் ஒழுங்காகக் கணக்கிடுவதில்லை.

கறுப்புப் பட்டியல்? போடலாம், தப்பில்லை. ஆனால் வழக்கு வந்தால் கம்பெனி வக்கீல் துறையின் கடிதங்களையே எடுத்து வைப்பார்: சாஃப்ட்வேர் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதும் தேவை ஆவணத்தில் கையெழுத்து விழ எத்தனை மாதம் ஆனது, பாதி வேலையில் எத்தனை முறை விதியை மாற்றினார்கள், பொறுப்பு அதிகாரி எப்போது மாற்றலானார் என்று. தாமதத்துக்கான அபராதமும் பெரும்பாலும் ஒப்பந்த மதிப்பில் 10 சதவீதத்தோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு இழுப்பதால் கம்பெனிக்கு நஷ்டம் கம்மி, உங்களுக்குத்தான் அதிகம்.

“தேதிக்குள் திறந்தே ஆக வேண்டும்” என்று மட்டும் விரட்டினால் வேறு வினை வரும். ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தைத் தணிக்கை செய்த சிஏஜி (தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. 9999999999 என்ற ஒரே மொபைல் எண்ணில் 7,49,820 பயனாளிகள் இருந்தார்கள். தகுதியைச் சரிபார்க்க மொபைல் எண் தேவையில்லை என்று அரசுத் தரப்பு விளக்கம் சொன்னது. தேவையில்லாத கட்டத்தை எதற்கு வைத்தார்கள் என்பது என் கேள்வி. கட்டம் நிரம்பினால் போதும் என்றால், ஆபரேட்டர் ஒன்பதைத்தான் அழுத்துவார்.

கண்காணிப்பு என்றால், திட்டத்துக்கு வெளியே உள்ள ஒருவருக்கு “நிறுத்து” என்று சொல்லும் அதிகாரம் இருக்க வேண்டும். பிரிட்டனில் பல உதவித்தொகைகளை ஒன்றாக்கிய யுனிவர்சல் கிரெடிட் திட்டத்தில் அது நடந்தது. பெரிய திட்டங்களைப் பார்க்கும் தனி அமைப்பு 2013 தொடக்கத்தில் வேலையை நிறுத்தி, மறுபடி திட்டமிட வைத்தது. அதே ஆண்டு அவர்களுடைய தணிக்கை அலுவலகம், நல்ல செய்தியை மட்டும் மேலே அனுப்பும் பழக்கத்தைப் போட்டு உடைத்தது, 3.4 கோடி பவுண்டு கணினிச் செலவு வீண் என்று எழுதித் தள்ளப்பட்டது. அதற்குப் பிறகும் 2017 இலக்கு தப்பியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் சிஏஜி நிறுத்தச் சொல்வதில்லை. செலவு முடிந்த பிறகு வந்து கணக்குப் பார்ப்பார்.

சோதனை நடந்த இடத்தையும் கேட்க வேண்டும். சென்னை மாநாட்டு அறையில் நல்ல நெட்டில் ஓடியது, மழையும் மூடுபனியுமாக இருக்கும் நாளில் சேர்வராயன் மலை ரேஷன் கடையில் ஓடுமா? காப்பி பறித்தும், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பாலீஷ் போட்டும் தேய்ந்த விரலில் ரேகை விழுமா? விழாவிட்டால் கருவிழி, அதுவும் முடியாவிட்டால் கையெழுத்து என்று மாற்று வழி இருக்க வேண்டும். அதை மலையிலேயே சோதித்துப் பார்த்தவர் கையெழுத்திட வேண்டும்.

அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் பதிவுத் தளமான இ-ஷ்ரம் கதையைப் பாருங்கள். அவர்களைப் பதிவு செய்யச் சட்டம் வந்தது 2008ல். பதிவுக்கான மென்பொருளை மாநிலங்களுக்குக் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018ல். 2020 ஊரடங்கில் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்தபோதும் பட்டியல் இல்லை. 2021 ஜூன் 29 தீர்ப்பில் தொழிலாளர் அமைச்சகத்தின் அக்கறையின்மை மன்னிக்க முடியாதது என்று கண்டித்து, ஜூலை 31 என்று கெடு வைத்தார்கள். தளம் ஆகஸ்ட் 26ல் திறந்தது. அதே தீர்ப்பு, தளத்துக்காகக் காத்திராமல் புலம்பெயர்ந்தோருக்கு உலர் ரேஷனும் சமூகச் சமையலறையும் நடத்த மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. கெடு வைத்ததைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். புது சாஃப்ட்வேர் வரும்வரை பழைய பதிவேட்டிலேயே மனு வாங்கிப் பணம் கொடுக்கத் தடை என்ன?

நீங்கள் செய்யக்கூடியது: திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுவோடு நிற்காதீர்கள். 10 ரூபாய் கோர்ட்டு ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டம் 6(1)ன் கீழ், டெண்டர் விட்ட துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். துறை மாறிப் போனாலும் 6(3)படி 5 நாளில் உரிய இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். “ஏன் தாமதம்” என்று கேட்காதீர்கள். காரணம் சொல்வது எங்கள் வேலையில்லை என்று பதில் வரும். நகல் கேளுங்கள்: பணி ஆணையும் கட்டவாரி கால அட்டவணையும், தேவை ஆவணம் ஒப்புதலான தேதி, ஒவ்வொரு கால நீட்டிப்பு ஆணை, கூடுதல் வேலைக்கு ஒப்புக்கொண்ட தொகை, கட்டம் கட்டமாகக் கொடுத்த பில், பிடித்த அபராதம், பயனர் சோதனை நடந்த ஊரும் கையெழுத்திட்டவர் பதவியும். வணிக ரகசியம் என்று 8(1)(டி)யைக் காட்டினால், பெரும் பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்று அதே பிரிவு சொல்வதையும், ரகசியப் பகுதியை மட்டும் மறைத்துத் தரச் சொல்லும் 10ஆம் பிரிவையும் மேல்முறையீட்டில் எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

கடைசியாக ஒரு நகல்: புது முறை வரும்வரை விண்ணப்பங்களை எப்படிப் பெற வேண்டும் என்ற சுற்றறிக்கை. “அப்படி எதுவும் இல்லை” என்று பதில் வந்தால், அந்தப் பதிலை இணைத்துச் சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கு ஒன்றும், உங்கள் எம்எல்ஏவுக்கு ஒன்றும் அனுப்புங்கள்.