மறுகா (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 46. களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். இரண்டு கவிதைத் தொகுதிகளைச் சொந்தக் காசில் போட்டேன். இப்போது ஒரு நாவல். இரவு பத்து மணிக்குப் பிறகுதான் எழுத முடிகிறது, இரண்டு மணி வரை இருப்பேன். பக்க வடிவமைப்பு, பிழை திருத்தம் எல்லாம் நானே. முதுகு வலிக்கிறது, கண் எரிகிறது. மூன்று வருடமாகப் பிறஷரும் சீனியும் வேறு. இரண்டு முறை கிளினிக் தவறிவிட்டது. புத்தகம் வெளிவந்த பிறகு ஒழுங்காகப் போகலாம் என்றிருக்கிறேன். விபுலாநந்த அடிகளும் நோயோடுதானே பழந்தமிழ் இசை பற்றிய யாழ்நூலை முடித்தார் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் எழுதலாம்? எப்படியான கதிரை நல்லது? மின்னூலாகப் போட்டால் அலைச்சல் குறையுமா? நாவலுக்கு ஒரு அணிந்துரையும் தருவீர்களா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

கதிரையை முதலில் முடித்துவிடுகிறேன். பாதம் நிலத்தில் பதிய வேண்டும், முழங்கை மேசை உயரத்துக்கு வர வேண்டும். பிளாஸ்டிக் கதிரையில் ஒரு தலையணையைப் போட்டாலும் காரியம் நடக்கும். மின்னூல் பற்றி என்னிடம் கேட்டுப் பயனில்லை, என் போனில் படம் அனுப்பவே பக்கத்து வீட்டுப் பிள்ளை வர வேண்டும். எழுதும் நேரம் என்றால், காலையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர் இரவு இரண்டு மணி வரை குந்திக்கொண்டு இருக்கக் கூடாது. பத்து மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழும்பிப் பாருங்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் கேட்காமல் இடையில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், "புத்தகம் வெளிவந்த பிறகு" என்று. அதை வாசித்த பிறகு எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

எங்கள் ஊர்ச் சொல் ஒன்று உண்டு, மறுகா. பிறகு என்று அர்த்தம். வெளியூர் ஆட்கள் மட்டக்களப்பாரைப் பகிடி பண்ணுவதென்றால் இந்தச் சொல்லில்தான் தொடங்குவார்கள். எனக்கு அது பிடித்த சொல். "மறுகா என்னகா நடந்த?" என்று கேட்டால்தான் கதை சொல்கிறவருக்கு உற்சாகம் வரும். கதைக்கு அது நல்லது. கிளினிக்குக்கு ஆகாது.

அடிகளாரைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறீர்கள். கல்லடி உப்போடையில், சிவானந்த வித்தியாலய வளவில் இருக்கும் அவருடைய சமாதியைப் பார்த்து வளர்ந்தவள் நான். பதினான்கு ஆண்டு உழைப்பு அந்த நூல். 1947 ஜூன் மாதம் தமிழ்நாட்டில், திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. ஜூலை 19 அன்று அவர் கொழும்பில் இறந்துபோனார். இடையில் ஆறேழு கிழமைதான். 1892இல் காரைதீவில் பிறந்தவருக்கு அப்போது வயது 55. மேடைகளில் இதை ஒரு தியாகக் கதையாகச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். ஐம்பத்தைந்தில் போயிருக்காவிட்டால் இன்னும் என்னென்ன எழுதியிருப்பார் என்று எந்த மேடையிலும் ஒருவர் கேட்டு நான் கேட்டதில்லை. இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். அந்த நூலை வெளியிட்டது கரந்தைத் தமிழ்ச் சங்கம். அடிகளார் பார்சல் கட்டவில்லை. புத்தகக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறவில்லை. உங்கள் நிலைமை வேறு.

என்னுடைய நிலைமையும் வேறாகத்தான் இருந்தது. 2022ஆம் ஆண்டு நெருக்கடி நினைவிருக்கும். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. கடதாசிக்குக் கிழமைக்கு ஒரு விலை. என் சிறுகதைத் தொகுதி அப்போதுதான் அச்சகத்தில் கிடந்தது. இந்தக் கிழமை காசு கட்டாவிட்டால் அடுத்த கிழமை விலை வேறு என்றார்கள். காப்பை அடகு வைத்தேன். முந்நூறு பிரதி. அந்த நான்கு மாதமும் என் பிறஷர் கிளினிக்குக்குப் போகவில்லை. நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு, போயும் என்ன பலன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தட்டுப்பாடு உண்மைதான். ஆனால் என் குளிசை அங்கே இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் போகவேயில்லை. அச்சகத்துக்கு மட்டும் ஒன்பது தரம் போனேன்.

வெளியீட்டு விழா அன்று காலையில்கூட ஓட்டோவில் இருந்து கட்டுகளை இறக்கியது நான்தான். தலை கொஞ்சம் பாரமாக இருந்தது. வெயில் என்று நினைத்தேன். பிறஷர் கூடினால் உடம்பு சொல்லும் என்றுதான் நீங்களும் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பெரும்பாலும் சொல்லாது தம்பி. 140க்கு 90ஐத் தாண்டி எங்கேயோ ஏறி நிற்கும், நீங்கள் மைக் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். முதற் பிரதி, சிறப்புப் பிரதி எல்லாம் கொடுத்து முடிந்தது. சனம் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து புத்தகத்தை வாங்கி, காசு வைத்த என்வலப்பைக் கையில் வைத்துவிட்டுப் போனார்கள். ஏற்புரைக்கு எழும்பினேன். "அனைவருக்கும்" என்ற சொல் வாய்க்குள் வழுக்கியது. மறுபடி சொன்னேன், மறுபடியும் வழுக்கியது. நான் உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன் என்று சபை கைதட்டியது. முன்வரிசையில் இருந்த ஒரு சிநேகிதிதான் என் வாய் ஒரு பக்கம் இழுபடுவதைக் கண்டு ஓடி வந்தாள். அவள் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். வேறு யாராவது என்றால் சோடாவைக் குடிக்கத் தந்து கதிரையில் இருத்தியிருப்பார்கள்.

பாரிசவாதம். சின்னதுதான் என்றார் டொக்டர். சின்னது என்றால் என்னவென்று பிறகு விளங்கியது. வலக்கை விரல்களால் சட்டைப் பொத்தான் போட ஏழு மாதம். பேனை பிடிக்க அதற்கும் மேலே. இரண்டு வருடம் ஒரு கதையும் எழுதவில்லை. இப்போது இதைக்கூட இடக்கைச் சுட்டுவிரலால்தான் தட்டுகிறேன். வார்டில் ஒரு ஐயா பார்க்க வந்தார். விழாவுக்கு வரக் கிடைக்கவில்லை பிள்ளை என்று சொல்லி, தோடம்பழப் பையோடு ஒரு என்வலப்பையும் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சிரித்தால் வாய் கோணியது.

190 பிரதி இன்னும் என் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது.

இதை இரக்கத்துக்காக எழுதவில்லை. உங்களை ஏசத்தான் எழுதுகிறேன். எங்களைப் போல் சொந்தக் காசில் புத்தகம் போடுகிறவர்களை வருத்தக்காரர் ஆக்குவது எழுத்தென்று எல்லோரும் பேசுகிறார்கள். எழுத்து என்ன செய்தது, பாவம்? கணக்கு வாத்தியார்தானே, கணக்குப் போட்டுப் பாருங்கள். போன மாதம் நாவல் எழுதியது எத்தனை மணி நேரம், எழுத்துருவை மாற்றியது, அட்டைக்காரரோடு இழுபட்டது, விலை கேட்டு அச்சகம் அச்சகமாகப் போன் எடுத்தது, யாரைத் தலைமை தாங்கக் கூப்பிட்டால் யார் கோபிப்பார் என்று யோசித்தது எத்தனை மணி நேரம்? இந்த இரண்டாவது வேலையில் பாதியை வெட்டி எறியுங்கள். முந்நூறு அடிக்கத் தேவையில்லை. டிஜிட்டலில் ஐம்பதும் அடிக்கலாம். ஒரு பிரதிக்குச் செலவு கூடும்தான், ஆனால் காப்பும் முதுகும் மிஞ்சும். பிழை பார்க்க உங்கள் பாடசாலைத் தமிழ் ஆசிரியரைக் கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் அது கௌரவப் பிரச்சினை. அதை நேரப் பிரச்சினை என்று எனக்கு எழுதாதீர்கள். விழாவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் அந்த என்வலப்புகள் இல்லாமல் அச்சுக்கூலி வராது என்பதும் எனக்குத் தெரியும். அதனால் அதைப் பற்றி வாயை மூடிக்கொள்கிறேன்.

கிளினிக் நாள் வேலை நாளில் வருகிறது, லீவு போட வேண்டும், விடியவே போய் வரிசையில் நிற்க வேண்டும், அரை நாள் போய்விடும். எல்லாம் தெரியும். அச்சகக்காரர் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னால் லீவு போட்டீர்களா இல்லையா? போட்டிருப்பீர்கள். நான் போட்டேன். அந்த மனிதர் சொன்ன நாளில் ஒருநாளும் வேலையை முடித்துத் தந்ததில்லை, ஆனாலும் போய் வாசலில் நின்றேன். கிளினிக் கொப்பியில் எழுதித் தந்த திகதிக்கு அங்கே டொக்டர் இருந்தார், மருந்து எழுதத் தயாராக இருந்தார், காசும் கேட்கமாட்டார். அங்கேதான் நான் போகவில்லை.

அணிந்துரை கேட்டிருந்தீர்கள். தருகிறேன். நாவலை இப்போது அனுப்ப வேண்டாம். முதலில் கிளினிக்குக்குப் போய், புதுத் திகதி எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை எனக்குத் திறந்து காட்டும். நாவல் மறுகா வரட்டும்.

அன்புடன்,
அக்கா