வேறு பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கமிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருந்தன. படிக்கிற கல்லூரியை விடாமல், நம் நாட்டுக்குள்ளேயே வேறொரு பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு வர முடியுமா என்பதுதான் அது. அதனால் இந்த இதழ் முழுக்க அதைப் பற்றியே பேசிவிடலாம்.

திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வெளிமாநிலத்தில் ஒரு செமஸ்டர் படிக்க ஆசை. எங்கே போகலாம், எப்போது போகலாம், யாரைப் பார்க்க வேண்டும்?
– காட்பாடி வாசகி

எங்கே என்பதை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். ஹைதராபாத்தா டெல்லியா என்று ஆரம்பிக்கிற பேச்சு பெரும்பாலும் பேச்சோடு நின்றுவிடுகிறது. முதலில் உங்கள் துறையில் ஐந்தாம் செமஸ்டர் சிலபஸை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் ஐந்தாம் செமஸ்டர் என்றால், முதல் நான்கு செமஸ்டரிலும் உங்களுக்குப் பகுதி 1 தமிழும் பகுதி 2 ஆங்கிலமும் இருக்கும். வடக்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் உங்கள் பகுதி 1 தமிழ்த் தாளுக்கு ஈடாக ஒரு தாள் கிடைக்காது, அதனால் நான்காம் செமஸ்டரில் போனால் அந்தத் தாளைத் திரும்பி வந்து தனியாக எழுத வேண்டியிருக்கும். ஐந்தாவதில் பெரும்பாலும் மேஜர் தாள்களும் எலக்டிவும்தான், ஈடு கண்டுபிடிப்பது சுலபம். ஆறாவதில் புராஜெக்ட், அப்புறம் மேற்படிப்பு விண்ணப்பங்கள் என்று நெருக்கடி வந்துவிடும். கேம்பஸ் இன்டர்வியூ ஐந்தாவதிலேயே நடக்கும் துறையாக இருந்தால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.

சிலபஸ் கையில் வந்ததும் ஒரு தாளை எடுத்து நான்கு பத்தி போடுங்கள். முதல் பத்தியில் இங்கே உள்ள தாளின் பெயர், அடுத்ததில் அதன் ஐந்து யூனிட்டுகள், மூன்றாவதில் போக நினைக்கும் இடத்தில் அதற்கு ஈடான தாள், கடைசியில் அந்தத் தாளுக்கு இங்கேயும் அங்கேயும் உள்ள கிரெடிட், அதாவது தாளின் எடையைக் காட்டும் புள்ளி. தலைப்பு ஒன்றாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். நமக்கு ஐந்தாவதில் வரும் அல்ஜீப்ரா சில இடங்களில் இரண்டாம் ஆண்டிலேயே முடிந்திருக்கும், அதே பெயரில் அங்கே இருப்பது அடுத்த நிலைத் தாளாகக்கூட இருக்கலாம். யூனிட் யூனிட்டாக ஒப்பிட்டுப் பார்த்து, எது முழுசாகப் பொருந்துகிறது, எது பாதி, எது இல்லவே இல்லை என்று குறித்து வையுங்கள். இங்கே 5 கிரெடிட் தாள் அங்கே 4 கிரெடிட்டாக இருந்தால், மீதி ஒன்றை எதைக்கொண்டு நிரப்புவது என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். தமிழக அரசின் திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வன் பாடம் அந்த செமஸ்டரில் இருக்கிறதா என்றும் பாருங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

அந்தத் தாளோடு துறைத் தலைவரைப் பாருங்கள். உங்கள் கல்லூரி தன்னாட்சி பெற்றதாக இருந்தால் பாடத்திட்டக் குழு, கல்விக் குழு, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் எல்லாம் உள்ளேயே இருப்பார்கள், முடிவும் அங்கேயே எடுக்கலாம். தன்னாட்சி இல்லையென்றால் முதல்வர் வழியாகக் கடிதம் சேர்க்காட்டில் உள்ள பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும், அங்கே எழுத்தில் அனுமதி வர வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் நான்காம் செமஸ்டர் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள். "போயிட்டு வா, பாத்துக்கலாம்" என்று யாராவது அன்பாகச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு, அதையே ஒரு கடிதமாகத் தரச் சொல்லிக் கேளுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம், ஒரு செமஸ்டர் முழுக்க நன்றாகப் படித்துவிட்டு வந்த பிள்ளை, அதே தாள்களை மறுபடி உட்கார்ந்து எழுதுவதை நாம் அனுமதிக்கவே கூடாது.

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2021-இல் கொண்டுவந்த ஏபிசி (அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்) கணக்கு இருக்கிறதே, அது போதாதா என்று பலர் கேட்கிறார்கள். அது பெற்ற கிரெடிட்டைச் சேர்த்து வைக்கும் கணக்கு. அங்கே படித்த எந்தத் தாள் இங்கே எந்தத் தாளுக்கு ஈடு என்பதை உங்கள் கல்லூரியும் பல்கலைக்கழகமும்தான் சொல்ல வேண்டும். ஆனால் கணக்கு கட்டாயம் வேண்டும், டிஜிலாக்கரில் போய் இப்போதே திறந்துவிடுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு சிக்கல் அடிக்கடி வரும்: பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் மட்டும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. இரண்டும் பொருந்தாமல் கணக்கு இழுத்தடிக்கும், அதை ஊரில் இருக்கும்போதே சரி செய்துகொள்ளுங்கள்.

உங்கள் கல்லூரிக்கு எந்தப் பல்கலைக்கழகத்தோடும் ஒப்பந்தம் இல்லையென்றால் ஒரு செமஸ்டர் போவது கடினம்தான். அதற்காக விட்டுவிட வேண்டாம், கோடை விடுமுறை இருக்கிறது. கணித மாணவர்களுக்கு 1993 முதல் நடந்து வரும் எம்டிடிஎஸ் (மேத்தமேடிக்ஸ் டிரெய்னிங் அண்ட் டேலன்ட் சர்ச்) கோடைப் பயிற்சி நான்கு வாரம், தேர்வானால் தங்குமிடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டத்தில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியோடு வேலை செய்யலாம். இவற்றில் கிரெடிட் கணக்குப் பிரச்சினையே இல்லை. முதல்முறை வெளியே போகிறவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

என் மகள் ஹைதராபாத் போகணும் என்கிறாள். நாங்கள் தறி வேலை. எவ்வளவு செலவாகும்? பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா?
– ஒரு தாய், குடியாத்தம்

அனுப்பலாம் அம்மா. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்ப வேண்டாம், கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

கல்லூரிகளுக்குள் ஒப்பந்தம் போட்டுப் போகும்போது பெரும்பாலும் டியூஷன் ஃபீஸ் வழக்கம்போல் இங்கேயே கட்டுவீர்கள், ஹாஸ்டலும் மெஸ்ஸும் அங்கே கட்ட வேண்டும். உங்கள் மகள் போகும் இடத்திலும் அப்படித்தானா என்று கல்லூரியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஹாஸ்டலில் முன்பணம் கேட்பார்கள். அது திரும்ப வரும், ஆனால் எல்லாம் முடிந்து தாமதமாகத்தான் வரும், அதனால் அதைக் கையிருப்பில் சேர்க்காதீர்கள். போக வர ரயில், அங்கே பஸ், புத்தகம், ஜெராக்ஸ், தேர்வுக் கட்டணம், அவசரத்துக்கு ஒரு தொகை, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று வந்தால், இந்த முறை ஹைதராபாத் வேண்டாம் என்பேன். காலாப்பட்டில் இருக்கும் புதுச்சேரி பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகம், பல மாநிலப் பிள்ளைகள் படிக்கிற இடம், நம் ஊரிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். அங்கே வாய்ப்பு இருக்கிறதா என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள்.

மகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதா? வேறு ஸ்காலர்ஷிப் இருக்கிறதா? அப்படியென்றால் கிளம்புவதற்கு முன்பே கல்லூரியில் அதைப் பார்த்துக்கொள்கிற ஆசிரியரிடம் சொல்லி, மகள் இந்தக் கல்லூரி மாணவியாகவேதான் தொடர்கிறாள் என்று ஒரு சான்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில், ஹாஸ்டல் இடம் உறுதி என்ற கடிதம் வந்த பிறகுதான் டிக்கெட். வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றால் போகக் கூடாது. அதே கல்லூரியிலிருந்து இன்னொரு பெண்ணும் சேர்ந்து போனால் மிகவும் நல்லது, கல்லூரியில் இதை நீங்களே கேட்கலாம். அந்த ஹாஸ்டல் வார்டன் எண்ணும் துறை ஆசிரியர் ஒருவர் எண்ணும் உங்கள் கையில் இருக்கட்டும். ராகிங் தொல்லை என்றால் நாடு முழுவதற்கும் ஒரே இலவச எண், 1800-180-5522, மகளின் போனில் பதிந்து வையுங்கள். காட்பாடியிலிருந்து சபரி எக்ஸ்பிரஸில் ஏறினால் மாறாமலே செகந்திராபாத் போய்விடலாம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, அதற்கேற்பத் திட்டமிடுங்கள். முதல் தடவை நீங்களோ அப்பாவோ கூடப் போய் விட்டுவிட்டு வாருங்கள். அந்த இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தால் இங்கே ராத்திரி தூக்கம் வரும்.

மாணவர் பரிமாற்றத்துக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். மாணவர்களுக்கு எப்படி வழிகாட்டுவது? யாரை அனுப்புவது?
– உதவிப் பேராசிரியர், ராணிப்பேட்டை மாவட்டம்

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன் சார். வழக்கமாக முதல் ரேங்க் மாணவரைத்தான் அனுப்புகிறோம். அது தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் ஆற்காடு, சோளிங்கர் பக்கத்துக் கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகிற, சென்னையைக்கூடச் சரியாகப் பார்த்திராத, எழுபது சதவீதம் எடுக்கிற ஒரு பிள்ளை இருக்கும். பெரிய நூலகத்தையும் நான்கு மொழி பேசுகிற வகுப்பையும் பார்க்கிற வாய்ப்பு அந்தப் பிள்ளைக்குத் தானாக வராது, அவர்கள் கையைத் தூக்கிக் கேட்கவும் மாட்டார்கள். நீங்களாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். தேர்வுக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் ஒன்று வைத்துவிட்டு, அதற்கு மேல் ஆர்வத்தைப் பார்த்து எடுக்கலாம் என்பது என் கருத்து.

வழிகாட்டுவதில், காட்பாடி வாசகிக்குச் சொன்ன அந்த நான்கு பத்தித் தாளை ஒவ்வொரு மாணவரையும் தானே போடச் சொல்லுங்கள், நீங்கள் போட்டுக் கொடுக்காதீர்கள். இரண்டு சிலபஸைப் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போதே தான் ஏன் போகிறோம் என்பது அவர்களுக்குத் தெளிவாகிவிடும். ஒரே இடத்தை நம்பாமல் மூன்று இடத்துக்கு இந்த ஒப்பீட்டுத் தாளைப் போட வேண்டும்.

உங்கள் வேலை வேறு. இரண்டு கல்லூரிகளின் நாட்காட்டியைப் பொருத்திப் பாருங்கள்: நமக்கு ஒற்றைப்படை செமஸ்டர் ஜூன், ஜூலையில் தொடங்கி நவம்பரில் முடியும், வடக்கே பல இடங்களில் டிசம்பர் வரை தேர்வு போகும், நம்முடைய அடுத்த செமஸ்டர் அதற்குள் தொடங்கிவிடலாம். அந்த நாட்களின் அட்டெண்டன்ஸை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று முதல்வரிடம் முன்னதாகவே முடிவு வாங்குங்கள். நமக்கு இன்டர்னல் 25, எழுத்துத் தேர்வு 75 என்றால் அங்கே கிரேடு மட்டும் வரலாம். கிரேடை மதிப்பெண்ணாக மாற்றும் முறை ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். பட்டத்துக்கான கிரெடிட்டில் குறைந்தது பாதியாவது பட்டம் தரும் நிறுவனத்தில் பெற வேண்டும் என்பது ஏபிசி விதி, ஒரு செமஸ்டரால் அதற்கு ஆபத்தில்லை.

போன பிறகு மாதம் ஒரு முறையாவது நீங்களே போன் செய்து பேசுங்கள். முதல் மாதம் பாதிப் பிள்ளைகள் திரும்பி வந்துவிடலாமா என்றுதான் நினைப்பார்கள், அப்போது ஊர்க்குரல் ஒன்று வேண்டும்.

எனக்கு ஒரு அரியர் இருக்கிறது. இந்தியும் எழுதப் படிக்கத் தெரியாது. நான் விண்ணப்பிக்கலாமா?
– பி.காம். மாணவர், வாணியம்பாடி

அரியரை முதலில் முடித்துவிடுங்கள் தம்பி. பல இடங்களில் நிலுவை இல்லாதவர்களைத்தான் எடுப்பார்கள், எடுத்தாலும் நீங்கள் அங்கே இருக்கும்போது இங்கே அந்தத் தேர்வு வந்து நிற்கும்.

இந்தியைப் பற்றிப் பயம் வேண்டாம். மத்தியப் பல்கலைக்கழகங்களில் வகுப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். கடை, ஆட்டோ, மெஸ் பேச்சு ஒரு மாதத்தில் வந்துவிடும். வீட்டில் உருது பேசுகிறவராக இருந்தால் ஹைதராபாத்தில் முதல் நாளே பேச ஆரம்பித்துவிடுவீர்கள். ஆங்கிலத்தில் ஐந்து பக்கம் எழுதிப் பழகுவதில் நேரத்தைப் போடுங்கள், அங்கே அசைன்மென்ட் அதிகம்.

ஒரு செமஸ்டர் வெளியே படித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அங்கிருந்து மதிப்பெண் இன்னும் வரவில்லை. இங்கே ரிசல்ட்டில் "வித்ஹெல்ட்" என்று காட்டுகிறது. என்ன செய்வது?
– எம்.எஸ்சி. மாணவி, திருப்பத்தூர்

பதறாதீர்கள், செய்த தேர்வு எங்கும் போய்விடாது. முதலில் டிஜிலாக்கரில் உங்கள் ஏபிசி கணக்கைத் திறந்து பாருங்கள். கிரெடிட் ஏறியிருந்தால் அதைப் பிரின்ட் எடுத்து இங்கே தேர்வுப் பிரிவில் கொடுங்கள். அந்தக் கணக்கில் ஏறிய கிரெடிட் 7 ஆண்டு வரை செல்லும்.

ஏறவில்லையென்றால் நீங்கள் தனியாக மெயில் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். இங்குள்ள தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமிருந்து அங்குள்ள அதே அலுவலருக்குக் கடிதம் போக வேண்டும், ஒரு நகல் உங்களை அங்கே பார்த்துக்கொண்ட துறைத் தலைவருக்கும். உங்கள் ஹால் டிக்கெட், எழுதிய தாள்களின் பட்டியல், போகும்போது வாங்கிய அனுமதிக் கடிதம் மூன்றையும் இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். அது வரும் வரைக்கும், அந்தத் துறையிலிருந்து கையெழுத்தும் முத்திரையும் போட்ட தற்காலிக கிரேடு தாளை ஸ்பீட் போஸ்டில் கேட்டு வாங்குங்கள். பிஎச்.டி. விண்ணப்பத்துக்கோ வேலைக்கோ கடைசித் தேதி நெருங்குகிறது என்றால், ரிசல்ட் நிறுத்தி வைக்கப்பட்டதன் காரணத்தை எழுதி ஒரு சான்று தரும்படி உங்கள் முதல்வரிடம் இந்த வாரமே மனு கொடுங்கள்.