‘ரத்தம் உறைகிறது’ என்ற பிறகும் ஏன் வீட்டுக்கு விடவில்லை?

கேள்வி: பென்னாகரம் பக்கம் நிலக்கடலைக் காட்டில் களை எடுத்தபோது என் அப்பாவைப் பாம்பு கடித்துவிட்டது. அரசு மருத்துவமனையில் கண்ணாடிக் குழாயில் ரத்தம் பிடித்துவைத்துப் பார்த்து, ‘உறைகிறது’ என்றார்கள். ஆனாலும் திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்து, மறுநாள்தான் அனுப்பினார்கள். மெஷினில் பார்த்திருந்தால் ஒரே தடவையில் தெரிந்திருக்காதா?

பதில்: தெரிந்திருக்காது. அப்பாவை ஒரு நாள் வைத்திருந்தது மிகச் சரி.

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இரண்டின் விஷமும் ரத்தத்தை உறையவைக்கும் பொருட்களை உடலுக்குள் தாறுமாறாகத் தூண்டிவிடும். உறைகட்டிக்கு நார் போல இருக்கும் ஃபைப்ரினோஜன் இதில் கரைந்து தீர்ந்துபோகும். தீர்வதற்குச் சில மணி நேரம் பிடிக்கலாம். கடித்த அரை மணியில் உறைந்த ரத்தம் பொழுது சாய்ந்தபின் உறையாமல் போவது இதனால்தான். ரத்தம் உறைய ஆகும் நேரத்தை மெஷினில் அளந்து பார்க்கும் பி.டி., ஐ.என்.ஆர். சோதனைகள் லேசான குறையையும் காட்டும், வசதி இருந்தால் பார்ப்பது நல்லது. ஆனால் அதுவும் ரத்தம் எடுத்த அந்த நேரத்து நிலையைத்தான் சொல்லும்.

குழாய்ச் சோதனைக்குப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாய் வேண்டும். அதில் 2 மி.லி. ரத்தம் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கண்ணாடியின் பரப்புதான் உறைதலைத் தொடங்கிவைக்கிறது. பிளாஸ்டிக் குழாயிலோ சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலோ நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கலாம். தேவையில்லாமல் விஷமுறிவு மருந்து ஏறிவிடும். அந்த மருந்து கடுமையான அலர்ஜியைக் கிளப்பக்கூடியது. சந்தேகம் வந்தால், உடன் வந்தவரின் ரத்தத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். கேட்டால் தயங்காமல் கொடுங்கள்.

உறையவில்லை என்றால் பெரும்பாலும் 8 முதல் 10 குப்பி மருந்தை ஒரு மணி நேரத்தில் ஏற்றுவோம். குழந்தைக்கும் அதே அளவுதான்; விஷம் ஆளைப் பார்த்துக் குறைவதில்லை. அடுத்த சோதனை 6 மணி நேரம் கழித்து. மருந்து விஷத்தை முறிக்குமே தவிர, தீர்ந்த ஃபைப்ரினோஜனைக் கல்லீரல்தான் புதிதாகச் செய்தாக வேண்டும். இடையில் ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று நோயாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன் கடியில் ரத்தம் ஒழுங்காகவே உறையும், ஆபத்து நரம்பில். இமை தொங்கினாலோ விழுங்கக் கஷ்டமானாலோ குழாய் என்ன சொன்னாலும் அவசரம்தான்.

கடிவாயைப் பிளேடால் கீறவே கூடாது. ரத்தம் உறையாதவருக்கு அந்தக் கீறல் நிற்காமல் கசியும்.

அப்பாவுக்குச் சிறுநீர் குறைந்தாலோ கறுத்துப் போனாலோ, ஈறில் ரத்தம் வந்தாலோ உடனே திரும்ப அழைத்துப் போங்கள். கண்ணாடி விரியன் சிறுநீரகத்தையும் கெடுக்கும்; சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தச் சோதனையைப் பார்க்கச் சொல்லுங்கள்.