தம்பி, கதவைத் தட்டுங்கள். கையெழுத்து மட்டும் போடாதீர்கள்

அன்புள்ள தம்பி,

மாணவர் விசாவில் நியூயார்க் நகரின் குயீன்ஸ் பகுதிக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கட்டடத்தில் வாடகைதாரர் சங்கம் நடத்தும் இளைஞர், ஏழெட்டு வயதில் பெற்றோரோடு இங்கே வந்தவர், நியூயார்க் மாநில அசெம்பிளிக்கு, அதாவது மாநிலச் சட்டமன்றத்தின் கீழவைக்கு, போட்டியிடுகிறார். வாக்குச் சேகரிக்க உங்களையும் கூப்பிடுகிறார். போகலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே, குளிர்ச்சட்டை எங்கே வாங்குவது, எந்தப் பகுதியில் அறை மலிவு, நல்ல சாம்பார்ப் பொடி எங்கே கிடைக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றையெல்லாம் உங்கள் வகுப்புத் தோழர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். முதல் கேள்விக்குத்தான் நான் பதில் சொல்லியாக வேண்டும்.

போகலாம். சம்பளம் வாங்காமல் தொண்டராக உழைப்பதை இந்நாட்டுச் சட்டம் வெளிநாட்டவருக்குத் தடுக்கவில்லை. சம்பளம் வாங்காமல் என்பதை அழுத்திப் படியுங்கள். ‘வழிச்செலவுக்கு’ என்று நல்ல மனதோடு உறை ஒன்றை நீட்டுவார்கள். மாணவர் விசாவில் இருப்பவருக்கு அது அனுமதியில்லாத வேலைக்கு வாங்கிய கூலியாகிவிடும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நீங்களும் பணம் கொடுக்கக் கூடாது. கிரீன் கார்டு, அதாவது நிரந்தரக் குடியிருப்பு அட்டை, வைத்திருப்பவர் கொடுக்கலாம், விசாவில் இருப்பவர் கொடுக்கக் கூடாது. ஐந்து டாலர்கூடத் தவறுதான். பிரசாரக் குழு விற்கும் பனியனை ஆசைக்கு ஒன்று வாங்கினாலும் அது நன்கொடைக் கணக்கில்தான் சேரும். இதை ஏன் இத்தனை சொல்கிறேன் என்றால், சிறு தொகைக்கு இப்போது இங்கே பெரிய மதிப்பு வந்திருக்கிறது. 2024 தேர்தலிலிருந்து, தொகுதிக்குள் வசிப்பவர் சட்டமன்ற வேட்பாளருக்குத் தரும் முதல் 50 டாலருக்குப் பன்னிரண்டு மடங்கை மாநில அரசு தன் நிதியிலிருந்து சேர்த்துக் கொடுக்கிறது. ஆகவே தெருவில் எல்லாரிடமும் கேட்பார்கள். உங்களிடமும் கேட்பார்கள்.

அடுத்தது மனுத்தாள். இதில்தான் புதிதாக வந்தவர்கள் தெரியாமல் கைவைக்கிறார்கள். அசெம்பிளிக்கான பிரைமரியில், அதாவது உட்கட்சித் தேர்தலில், நிற்க வேண்டுமானால் தொகுதியிலுள்ள தம் கட்சி வாக்காளர்கள் 500 பேரின் கையெழுத்தை வேட்பாளர் திரட்ட வேண்டும். பிப்ரவரிக் கடைசியில் தொடங்கி ஏப்ரல் தொடக்கத்துக்குள் முடித்துவிட வேண்டும். 500 போதும் என்றாலும் யாரும் 500-உடன் நிறுத்த மாட்டார்கள்; எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் ஒவ்வொரு வரியாகப் பார்த்து, முகவரி சரியில்லை, தேதி இல்லை என்று அடித்துக்கொண்டே வருவார்கள் என்பதால் இரண்டு மூன்று மடங்கு திரட்டுவார்கள். அந்தத் தாளில் நீங்கள் கையெழுத்திட முடியாது. தாளை ஏந்திச் சென்று சாட்சியாகக் கையெழுத்திடவும் முடியாது. சாட்சியும் அதே கட்சியில் பதிவு செய்த வாக்காளராக இருக்க வேண்டும். ஒத்தாசை என்று நினைத்து நீங்கள் செய்வது அந்த இளைஞரின் ஒரு தாளையே செல்லாததாக்கிவிடலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரியது வாக்காளர் பதிவு. எனக்குத் தெரிந்த ஒருவர், கிரீன் கார்டு வாங்கி ஆறு ஆண்டு ஆனவர், வேறொரு விஷயத்துக்காக ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனபோது அங்கே நீட்டிய படிவத்தில் எல்லாக் கட்டங்களிலும் குறியிட்டுவிட்டு வந்தார். சில வாரத்தில் வாக்காளர் அட்டை தபாலில் வந்தது. அரசே அனுப்பியிருக்கிறதே என்று மகிழ்ந்து போய் வாக்களித்தும் விட்டார். குடியுரிமை விண்ணப்பத்தில் ‘எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா, வாக்களித்தீர்களா’ என்று கேட்கும் இடம் வந்தபோதுதான் அவருக்கு வியர்த்தது. வழக்கறிஞருக்குக் கொட்டிக் கொடுத்தார், மூன்று ஆண்டு தூக்கம் இழந்தார். குடிமகன் அல்லாதவர் வாக்களித்தால் நாட்டை விட்டே அனுப்பலாம் என்று சட்டம் சொல்கிறது. ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது உங்களிடமும் அந்தக் கட்டத்தை நீட்டுவார்கள். ‘இல்லை’ என்று குறித்து, படிவத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நகரத் தேர்தலில் மட்டும் கிரீன் கார்டுக்காரர்களும் வேலை அனுமதி உள்ளவர்களும் வாக்களிக்கலாம் என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். நகர மன்றம் 2021 டிசம்பரில் அப்படி ஒரு சட்டத்தை நிறைவேற்றியது உண்மை. ஆனால் அதன்படி ஒரு தேர்தலும் நடக்கவில்லை. நீதிமன்றங்கள் வரிசையாகத் தள்ளின. 2025 மார்ச்சில் மாநிலத்தின் உச்ச நிலை நீதிமன்றமும் செல்லாது என்றது. பழைய செய்தியை இன்றைய செய்தியாகச் சொல்லும் நம்மவர்கள் அதிகம். அவர்களை நம்பி எந்தத் தாளையும் தொடாதீர்கள்.

இன்னொன்று. 2025-இல் எத்தனை மாணவர்களின் விசா ரத்தானது என்று நீங்களே படித்திருப்பீர்கள். பயமுறுத்தவில்லை. கூட்டத்துக்குப் போகுமுன் உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இவ்வளவு எச்சரித்துவிட்டும் போங்கள் என்றே சொல்கிறேன். காரணம் 2004 ஜனவரி.

அருப்புக்கோட்டையிலிருந்து வந்த எனக்கு, அழைத்து வந்த கம்பெனி முதல் இரண்டு மாதம் சம்பளமே தரவில்லை. தங்க இடம் கொடுத்தவர் நம் மாவட்டத்துக்காரர். தமிழில் பேசினார், காபி கொடுத்தார், மூன்று மாத வாடகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு அடித்தளத்தில் ஜன்னலில்லாத அறை ஒன்றைக் காட்டினார். வெப்பக் குழாய் வேலை செய்யவில்லை. கேட்டபோது ‘ஊரில் என்ன ஹீட்டரா வைத்திருந்தாய்?’ என்றார். இரண்டு போர்வைக்குள் சட்டை மேல் சட்டை போட்டுக்கொண்டு கிடந்தேன். மேல் மாடியில் குடியிருந்த ஈக்வடார் நாட்டுப் பெண் ஒருத்திதான், இருபத்தைந்து வயதிருக்கும், கதவைத் தட்டி, நகர அரசின் புகார் எண்ணான 311-க்கு அழைத்து என் பக்கத்தில் நின்று புகார் சொல்ல வைத்தாள். அக்டோபர் முதல் தேதியிலிருந்து மே கடைசி வரை வீட்டுக்காரர் வெப்பம் தர வேண்டும், வெளியே 55 பாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் பகலில் உள்ளே 68 இருக்க வேண்டும் என்று எனக்கு முதலில் சொன்னவள் அவள்தான். நான்காம் நாள் குழாய் சூடானது. இந்த மண்ணில் எனக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அறை பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, ஒன்றே ஒன்று சொல்கிறேன்: அடித்தளம் வேண்டாம். 2021 செப்டம்பரில் ஐடா புயல் மழை கொட்டிய இரவில் இந்நகரில் இறந்த 13 பேரில் 11 பேர் அடித்தள அறைகளில் இறந்தார்கள்.

கதவைத் தட்டிய அந்த ஈக்வடார் பெண் போன்றவர்கள்தான் இப்போது தேர்தலில் நிற்கிறார்கள். குயீன்ஸில் நான் இருக்கும் அஸ்டோரியாவில் 2020-இல் அதைக் கண்ணால் பார்த்தேன். உகாண்டாவின் கம்பாலாவில் பிறந்து ஏழு வயதில் நியூயார்க் வந்த ஸோரான் மம்தானி, கடனில் வீட்டை இழக்க இருந்த குடும்பங்களுக்கு ஆலோசகராக வேலை செய்தவர். 2018-இல்தான் குடியுரிமை பெற்றார். இரண்டே ஆண்டில், பல ஆண்டுகளாகப் பதவியில் இருந்தவரைப் பிரைமரியில் சில நூறு வாக்குகளில் வென்றார். அசெம்பிளி உறுப்பினரான பிறகு, 2021-இல் கடனில் மூழ்கிய டாக்ஸி ஓட்டுநர்களோடு உட்கார்ந்து பதினைந்து நாள் உண்ணாவிரதம் இருந்தார். 2025 நவம்பரில் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் கொள்கை எல்லாமே எனக்கு ஒப்பு என்று சொல்லவில்லை. சில நூறு வாக்குகள் என்றேனே, அதை யோசித்துப் பாருங்கள். நாலைந்து பெரிய கட்டடங்களில் குடியிருப்பவர்கள் அவ்வளவுதான்.

நம்மவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. பொங்கல் விழா மேடையில் பொன்னாடை போர்த்துவார்கள், தமிழ்நாட்டின் 234 தொகுதிகளையும் சாதிக் கணக்கோடு ஒப்பிப்பார்கள். இங்கே தங்கள் அசெம்பிளி உறுப்பினர் யார் என்று கேட்டால் விழிப்பார்கள். குடியுரிமை வாங்கி இருபது ஆண்டு ஆகியும் பிரைமரியில் ஒருமுறைகூட வாக்களிக்காத மருத்துவர்களை எனக்குத் தெரியும். குயீன்ஸின் ஜாக்சன் ஹைட்ஸ் பகுதி வங்கதேசத்துக்காரர்களும் நேபாளிகளும் நமக்குப் பின்னால் வந்தவர்கள். கூட்டம் என்றால் குடும்பத்தோடு வந்து நிற்கிறார்கள். வீட்டு வாடகை முன்பணம் ஒரு மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது, விண்ணப்பக் கட்டணம் 20 டாலரைத் தாண்டக் கூடாது என்று 2019-இல் மாநிலத் தலைநகர் ஆல்பனியில் சட்டம் வந்ததே, அது வாடகைதாரர் சங்கங்கள் பஸ் பஸ்ஸாக ஆளைக் கூட்டிப்போய் வாங்கியது. நீங்கள் இன்று ஒரு மாத முன்பணத்தோடு அறை எடுத்திருப்பது அவர்கள் நின்றதால்தான்.

ஆகவே கதவைத் தட்டுங்கள். ஊரில் ஊராட்சித் தேர்தலுக்கு வருபவர்கள் கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நின்று கும்பிடுவார்கள் அல்லவா, அதே பாங்குதான்: தட்டிவிட்டு இரண்டடி பின்னால் வந்து, முகம் தெரிய நில்லுங்கள். கயானாவிலிருந்து வந்த வீடுகளில் உங்கள் பெயரைக் கேட்டதும் ‘மதராஸி’ என்று சொல்லி மாரியம்மன் படத்தைக் காட்டினால் வியப்படையாதீர்கள். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய நம் முன்னோரின் பேரப்பிள்ளைகள் அவர்கள். நான் கடைத்தெருவில் கற்ற ஸ்பானிஷை வைத்துக்கொண்டே நூறு வீட்டுக்கு மேல் பேசியிருக்கிறேன். உங்களால் அதைவிட நன்றாக முடியும்.

எனக்குக் குடியுரிமை 2017-இல்தான் கிடைத்தது. 2020 மார்ச் முதல் வாரம், வேலை முடிந்து டிட்மார்ஸ் ரயில் நிலையப் படியில் இறங்கியபோது, அட்டையில் செருகிய தாளோடு ஒரு சிறு பெண் நின்றாள். ‘நீங்கள் இந்தத் தொகுதியில் பதிவு செய்த வாக்காளரா?’ என்றாள். பதிமூன்று ஆண்டுகள் அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லிக் கடந்தவன், ஆம் என்றேன். கையுறையைக் கழற்றிக் கையெழுத்திட்டேன். காற்றில் தாள் படபடத்தது. அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ‘தேதியும் எழுதுங்கள், ஐயா, இல்லையென்றால் அடித்துவிடுவார்கள்’ என்றாள். எழுதினேன்.