பதில்: பிரஷர் 146/92, அப்பாவுக்கு 51-ல் மாரடைப்பு. டிரெட்மில் டெஸ்ட் எடுக்கலாமா?

வயது 42, தொந்தரவு எதுவும் இல்லை, ஆனால் பயமாக இருக்கிறது என்கிறீர்கள். பயம் நியாயம்தான். ஆனால் டிரெட்மில்லுக்கு (ஓடும் பட்டையில் நடக்கவைத்து ECG பார்க்கும் டெஸ்ட்) இப்போது அவசரம் இல்லை. இதய ரத்தக்குழாயில் அடைப்பு நன்றாக அதிகமான பிறகுதான் அதில் பெரும்பாலும் தெரியும். சின்னக் கொழுப்புப் படிவு வெடித்தும் மாரடைப்பு வரலாம் என்பதால், 'நார்மல்' என்று வந்தாலும் முழு நிம்மதி கிடைக்காது.

முதலில் குடும்ப டாக்டரிடம் போங்கள். சர்க்கரை, கொலஸ்ட்ரால், கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்த டெஸ்ட்) பார்ப்பார். அப்பா விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள். அப்பாவுக்கு 55-க்கு முன்பே மாரடைப்பு வந்திருப்பதால், உங்கள் ஆபத்தைக் கணக்கிடும்போது அதையும் சேர்த்துப் பார்ப்பார்.

போவதற்கு முன் ஒரு வாரம் வீட்டில் பிரஷர் பாருங்கள். காலையும் மாலையும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் பட, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்துப் பாருங்கள். அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, சிகரெட் கூடாது. பார்க்கும்போது பேசவும் கூடாது. (பேசினாலே ஏறும்!) முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி போடுங்கள். 135/85 அல்லது மேலே என்றால் அது கிளினிக் பதற்றம் இல்லை, உண்மையான ரத்த அழுத்தம்.

அப்புறம், 'ஒரு நாளைக்கு மூன்றே சிகரெட்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. குறைப்பது போதாது, நிறுத்த வேண்டும். அதற்கும் டாக்டரிடம் மருந்து உண்டு, கேளுங்கள். உப்பு, நடை எல்லாம் உங்களுக்கே தெரியும்.

நடக்கும்போது நெஞ்சு இறுக்கினால் மட்டும் இந்த ஒரு வாரக் கணக்கெல்லாம் வேண்டாம், அன்றே போய்விடுங்கள்.